பார்த்தது யார், எந்த இடத்தில்?

1861-இல் கனடாவின் வடக்கே உள்ள பாஃபின் தீவின் தென்கிழக்குக் கரையில், இனுயிட் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கரிடம் பழைய சேதி ஒன்றைச் சொன்னார். பெயர் ஊக்கியோக்சி நினூ. ஹாலுக்குத் துணையாக இருந்த இபிர்விக்கின் பாட்டி அவர்; இபிர்விக்கின் மனைவி துக்குலித்தோதான் மொழிபெயர்ப்பாளர். நெடுங்காலத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்தார்கள் என்றார் பாட்டி. முதல் தடவை சில கப்பல்கள், அடுத்த தடவை கொஞ்சம் கூட, மூன்றாவது தடவை ஏராளம். அவர்களில் ஐந்து பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு சின்னத் தீவில் பள்ளம் வெட்டி அதற்குள் கப்பல் கட்டினார்கள், கிளம்பிப் பார்த்தார்கள், முடியாமல் குளிரில் செத்தார்கள்.

ஹால் அந்தத் தீவுக்குப் போனார். பள்ளம் இருந்தது. நிலக்கரியும் ஓட்டுச் சில்லுகளும் கல் கட்டடத்தின் அடித்தளமும் இருந்தன. மார்ட்டின் ஃபுரோபிஷர் என்ற ஆங்கிலேயர் 1576, 1577, 1578 என்று மூன்று முறை அங்கே வந்தவர். கடைசி முறை 15 கப்பல்கள். தங்கம் என்று நம்பி ஆயிரம் டன்னுக்கு மேல் கருங்கல்லை வெட்டி இங்கிலாந்துக்கு ஏற்றிப் போனார். அது ஒன்றுக்கும் உதவாத கல். முதல் பயணத்திலேயே அவருடைய மாலுமிகள் ஐந்து பேர் கரைக்குப் போய்த் திரும்பவில்லை. இனுயிட்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஆங்கிலேயர் எழுதி வைத்தது. இங்கே வாழ்ந்து செத்தார்கள் என்பது பாட்டி சொன்னது. ஆள் கணக்கு இரண்டிலும் ஐந்துதான். நடுவில் ஓடியது 285 ஆண்டு.

இந்த 285 ஆண்டில் ஐரோப்பிய வரைபடக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபுரோபிஷர் போன இடத்தையே தொலைத்துவிட்டு, கிரீன்லாந்தின் தென்முனையில் கொண்டுபோய் அவர் பெயரில் ஒரு நீரிணையை வரைந்து வைத்தார்கள். அச்சிட்ட தாள் ஒரு கடலையே தாண்டித் தவறியது. பாட்டியின் வாய்ச்சொல் தீவைக்கூடத் தவறவிடவில்லை.

இது அதிசயம் ஒன்றுமில்லை, நினைவாற்றல் வித்தையும் இல்லை. இனுயிட் வாய்மொழி வரலாறு இரண்டு காலில் நிற்பது: பார்த்தது யார், எந்த இடத்தில். இரண்டும் இருந்தால் தலைமுறைகள் தாண்டியும் நிற்கும். ஒன்றைப் பிடுங்கினாலும் ஆட்டம் காணும். கடந்த நூற்றைம்பது ஆண்டில் அது ஆட்டம் கண்ட இடங்களைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் கேட்டவர்களோ ஆண்டவர்களோ ஒரு காலைப் பிடுங்கியிருப்பார்கள்.

சொல்வதற்கு ஒரு முறை உண்டு

கனடாவின் வடக்கில் பெரியவர்களிடம் பதிவு செய்யப்போகும் எவருக்கும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான்: "நான் கண்டதை மட்டும்தான் சொல்வேன்." அடக்கமாகப் பேசுகிறார் என்று இதைக் கடந்துவிடக் கூடாது. அது சாட்சி விதி. தான் பார்த்தது, தன் தாய் பார்த்துத் தன்னிடம் சொன்னது, யாரோ சொல்லிக் கேட்டது என்ற மூன்றையும் பெரியவர்கள் பிரித்தே பேசுவார்கள். தெரியாத இடத்தைப் பற்றிக் கேட்டால், "அது அந்தக் குடும்பத்தின் பக்கம், அவர்களிடம் கேள்" என்று முடித்துக்கொள்வார்கள். கிவியுக் என்ற நாடோடி வீரனின் கதை போன்ற மிகப் பழைய கதைகள் தனி வகை. அவற்றையும் வாழ்க்கைச் சம்பவங்களையும் கேட்பவர்கள் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டையும் 'நாட்டார் கதை' என்று ஒரே பெட்டியில் போட்டது வெளியாட்களின் வேலை.

பதிவு செய்பவர் இந்தப் பிரிவை ஒலிப்பதிவில் மட்டும் விட்டுவிட்டு எழுத்துப் பிரதியில் தட்டையாக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மொழிபெயர்த்த பிரதியில் 'அவர்கள் அங்கே போனார்கள்' என்று மட்டும் இருந்தால் பாதி சரக்கு போயிற்று. யார் சொல்லி இவருக்குத் தெரியும் என்பது ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். இக்லூலிக் என்ற ஊரில் 1986-இல் ஊர்ப் பெரியவர்களே முன்னின்று தொடங்கிய வாய்மொழிப் பதிவுத் திட்டத்தின் பலம் இதில்தான் இருக்கிறது. பல நூறு நேர்காணல்கள், இனுக்டிடுட் மொழியிலேயே எடுத்தவை. ஒவ்வொன்றும் பேசியவர் பெயரோடும் எண்ணோடும் கிடக்கிறது. ஒரு வரியில் ஐயம் வந்தால் மூலத்துக்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் காலம். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பதில் வராது, வந்தால் அதை நம்பக் கூடாது, கேட்டவரைத் திருப்திப்படுத்தச் சொன்னதாக இருக்கும். கேட்க வேண்டியது வேறு: அப்போது எந்த முகாமில் இருந்தீர்கள், குழந்தையைச் சுமக்கும் முதுகுத் தொப்பிக்குள் எந்தக் குழந்தை இருந்தது, நாய்களை ஓட்டியது அப்பாவா அண்ணனா. பிறகு அதை ஊரே அறிந்த ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட வேண்டும். தென்மேற்கு பாஃபினில் நல்ல முடிச்சு, ஹட்சன் பே என்ற வணிகக் கம்பெனியின் நாஸ்கோபி கப்பல் கிங்கைட் ஊருக்கு அருகே பாறையில் மோதியது. அது 1947 ஜூலை 21. 'நாஸ்கோபி உடைந்ததற்கு முந்திய குளிர்காலம்' என்று ஒருவர் சொன்னால் 1946–47 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். அதே ஊரில் கம்பெனிக் கடை வந்தது 1913. இப்படி ஊருக்கு நான்கைந்து முடிச்சுகளை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதிச் சண்டை தீரும்.

இடத்தின் பெயர்கள்

எல்லாரும் ஊர்களுக்குள் குடியேறுவதற்கு முன், மூன்று நான்கு குடும்பங்கள், இருபது முப்பது பேர், பருவத்துக்கு ஓர் இடமாகச் சுற்றி வாழ்ந்தார்கள். குளிரில் கடல்பனி மேல் சீல் வேட்டை, வேனிலில் ஆற்று முகத்தில் ஆர்க்டிக் சார் மீன், இலையுதிர் காலத்தில் உள்நாட்டில் கரிபூ மான். அந்தச் சுற்றுதான் குடும்ப நிலம். அதற்கு வேலி இல்லை, பட்டா இல்லை. ஆனால் கூடாரத்தின் அடியைப் பிடித்துவைத்த கல் வட்டம் ஒவ்வொன்றும் இன்னாருடையது என்று தெரியும். தோல் கூடாரத்தின் விளிம்பில் ஆள் தூக்கும் எடைக் கற்களைச் சுற்றி வைப்பார்கள். கிளம்பும்போது கூடாரத்தை உருவிக்கொண்டு போனால் வட்டம் மிஞ்சும். அடுத்த கோடையில் அதே கற்கள், பல சமயம் அதே வட்டம். இறைச்சி புதைத்த கற்குவியலும் கல்லறையும் பக்கத்திலேயே. கல்லை நகர்த்தினால் வரலாற்றின் ஒரு பக்கமே கிழிந்துபோகிறது. பெரியவரை அழைத்துப்போவதற்கு முன் வட்டத்துக்குள் கால் வைக்காதே என்பது அங்கே வேலை செய்யும் அகழாய்வாளர்களுக்கு முதல் பாடம்.

இடப்பெயர்களைச் சேகரிக்கும் வேலை வெளியில் இருந்து பார்க்க எளிது: வரைபடத்தை விரி, விரலை வை, பெயரைக் கேள். இப்படிச் செய்தால் பத்துப் பதினைந்து பெயரோடு நின்றுவிடும். பெயர்கள் மூளையில் தாள் வரிசையில் இல்லை, பயண வரிசையில் இருக்கின்றன. நாய்வண்டி கிளம்பும் இடத்திலிருந்து தொடங்கி, "அடுத்தது? இடது கைப்பக்கம் என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே போனால் முனை, பாறை, பனி முதலில் உடையும் வாய், மீன் ஏறும் ஓடை என்று சரம் சரமாக வரும். கோடைப் படகுப் பாதைக்கும் குளிர்கால வண்டிப் பாதைக்கும் சரம் வேறு. ஆகவே ஒரே விரிகுடாவை இரண்டு முறை கேட்க வேண்டும். பெண்களைத் தனியே கேட்க வேண்டும். பெர்ரி பறிக்கும் சரிவும் விளக்குத் திரிக்குப் பாசியும் பருத்திப்புல்லும் எடுக்கும் ஈர நிலமும் ஆண்களின் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது.

வரைபட அளவும் கழுத்தை அறுக்கும். 1:2,50,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது 250 மீட்டர். தடித்த மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டால் அரை கிலோமீட்டர் காணாமல் போகும். சின்னத் தீவுகள் தாளிலேயே இருக்காது. 1:50,000 தாள் துல்லியம்தான், ஆனால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சுற்றை அடக்க டஜன் கணக்கில் தாள் வேண்டும். தரையில் விரித்தால் பெரியவர் முழங்காலில் நகர வேண்டியிருக்கும். 1:2,50,000 தாளில் பாதையைப் பிடித்துக்கொண்டு, பெயர் அடர்த்தியான இடத்துக்கு மட்டும் 1:50,000 தாளை எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பிறகு வாய்ப்பு இருந்தால் அவரோடேயே அங்கு போக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து சொல்லாத பெயர்கள் படகு அந்த முனையைத் திரும்பும்போது தானாக வந்து விழும்.

பெயரும் நிலமும் பொருந்தவில்லை என்றால் பெயரைச் சந்தேகிப்பது அவசரம். ஆர்வியாட் ஊருக்கு அருகே கிக்கிக்தார்ஜுக் என்ற இடம் இருக்கிறது. பெயர் சின்னத் தீவு என்கிறது. கண்ணுக்குத் தெரிவது தீபகற்பம். பனியுகத்து ஐஸ் பாரம் இறங்கியதிலிருந்து ஹட்சன் விரிகுடாவின் கரை உயர்ந்துகொண்டே வருகிறது. தீவாக இருந்தது தரையோடு ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவர்கள் பார்த்தது தீவைத்தான். கிவியுக் கதையோடு தொடர்புள்ள இந்த இடத்தையும், பால்லிர்மியுட் என்ற இனுயிட் பிரிவுக் குடும்பங்களின் கோடை முகாமான ஆர்வியாயுவாக் தீவையும் பெரியவர்களே தேர்ந்தெடுத்துச் சொல்ல, கனடா 1995-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

கல்லும் கரையும் சரி, பனிமேல் என்ன அடையாளம் இருக்க முடியும்? இக்லூலிக் பகுதியில் மேற்கு-வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு உவாங்னக் என்று பெயர். அது வெண்பனியை நாக்கு வடிவத்தில் செதுக்கி இறுகவைக்கும், அதுதான் உக்கலுராயிட். வண்டி இந்த மேடுகளை எந்தக் கோணத்தில் வெட்டிப் போக வேண்டும் என்பது பாதைக்குப் பாதை மாறும். மூடுபனியிலும் இருட்டிலும் காலால் தடவிப் பார்த்துக் கோணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால் திசை தவறாது. மேலே புதிதாக விழுந்த மென்பனியின் வடிவத்தை நம்பிப் போனால்தான் தவறும். இறுகிய அடி மேட்டைத் தேட வேண்டும். இக்லூலிக்கிலிருந்து ஆர்க்டிக் பேக்கும் பாண்ட் இன்லெட்டுக்கும் போகும் தடங்கள் ஒவ்வொரு வேனிலிலும் உருகிக் காணாமல் போய், ஒவ்வொரு குளிர்காலமும் அநேகமாக அதே கோட்டில் திரும்ப விழுகின்றன. தடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேச்சில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆளின் பெயர்

குழந்தை பிறந்தால் அண்மையில் இறந்த ஒருவரின் பெயரை வைப்பார்கள். ஒன்றுக்கு மேலும் வைப்பதுண்டு. ஆண் பெயர், பெண் பெயர் என்ற பாகுபாடு மரபில் இல்லை. நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது மாதிரி என்று தோன்றும், ஆனால் அங்கே பெயரோடு உறவும் சேர்ந்து வருகிறது. பாட்டியின் பெயரைப் பெற்ற பெண் குழந்தையை அவள் அப்பா 'அம்மா' என்றே அழைப்பார். அந்தப் பாட்டியின் கணவர் உயிரோடிருந்தால் அவருக்கு அந்தக் குழந்தை 'மனைவி'. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதையில்லை என்பதால் தினப் பேச்சு முழுக்க இந்த உறவுச் சொற்களில்தான் ஓடும்.

பதிவு செய்பவர் இதை அறியாமல் இறங்கினால் வம்சாவளி தலைகீழாகிவிடும். "என் அம்மா அந்த முகாமில் பிறந்தாள்" என்ற வாக்கியத்தில் வரும் அம்மா, பேசுபவரின் மகளாக இருக்கலாம். எனவே இரத்த உறவுக்கு ஒரு படம், பெயர் உறவுக்கு இன்னொரு படம் என இரண்டு வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 'அம்மா'வுக்கும் எது என்று கேட்டாக வேண்டும். இந்தக் கஷ்டத்துக்குப் பலனும் உண்டு. ஒரு பெயர் நான்கு தலைமுறையாக ஒரே கரையை விட்டு நகரவில்லை என்று தெரிந்தால், அந்தக் குடும்பம் அந்தக் கரையில் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று அபூர்வம்.

அரசுக்கு இதெல்லாம் தலைவலியாக இருந்தது. 1941 முதல் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வில்லை கொடுத்தார்கள். கழுத்தில் கயிற்றில் கோத்துக்கொள்ள வேண்டும். யோவா ஹேவன் என்ற ஊருக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கும் எண், மேற்கே 'டபிள்யூ'. பிறகு அதுவும் போதாதென்று எல்லாரும் குடும்பப் பெயர் தேர்ந்துகொள்ளும் திட்டம் வந்தது. ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் 1970-ஐ ஒட்டி வீடு வீடாகப் போய் எழுதினார். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வேறு வேறு பெயரைத் தேர்ந்தார்கள். ஒரே பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல் வந்தது. இன்று குடும்பக் கிளை தேடுபவர்களுக்கு அந்த வெறுக்கப்பட்ட வில்லை எண்கள்தான் பல இடங்களில் கைகொடுக்கின்றன.

கேட்டவர்கள் விட்ட கோட்டை

ஜான் ஃபிராங்க்ளின் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி வடகடலில் வழி தேடிப் போய்த் தொலைந்த விவகாரம் உலகுக்கே தெரிந்தது என்பதால் சுருக்கமாக. 1845-இல் எரெபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் கிளம்பிய 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1854-இல் ஜான் ரே என்ற பயண ஆய்வாளர் இனுயிட்களிடம் கேட்டறிந்து, பட்டினியில் மனித இறைச்சி தின்னும் அளவுக்குப் போனார்கள் என்று அறிக்கை அனுப்பினார். தனக்குச் சொன்னவர்கள் யாரும் அந்த இடத்துக்கு நேரில் போனவர்களல்ல, பிறர் சொல்லிக் கேட்டவர்கள் என்பதையும் அவர் எழுதினார். அவர்களே அப்படித்தான் சொன்னார்கள். லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸ் இதைக் காட்டுமிராண்டிகளின் பேச்சு என்று தள்ளினார். கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருப்பதை 1997-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

கப்பல் கதை இன்னும் சுவாரசியம். 1879-இல் புதூராக் என்ற முதியவர், ஷ்வாட்கா என்ற அமெரிக்க அதிகாரியிடம், கிங் வில்லியம் தீவுக்குத் தெற்கே உட்ஜூலிக் பகுதியில் பனியில் நின்ற கப்பலுக்குள் தானே போனதாகச் சொன்னார். உள்ளே ஒரு வெள்ளைக்காரரின் பிணம். நுழைய வழி தெரியாமல் பக்கவாட்டில் துளை போட்டார்கள். பனி உருகியதும் கப்பல் மூழ்கியது. பார்த்தவர் யார், எந்த இடம், இரண்டும் பிசகில்லாமல் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கப்பலைக் கண்டுபிடிக்க 135 ஆண்டு ஆயிற்று. காரணங்கள் சில தெளிவு. கடலோடிகளின் வரைபடத்தில் இனுயிட் பெயர் இல்லை. பின்னாளில் ஃபிராங்க்ளினைத் தேடி வந்த ஹாலின் மொழிபெயர்ப்பாளர்கள் பாஃபின் தீவின் கம்பர்லாண்ட் சவுண்டைச் சேர்ந்தவர்கள். கப்பல்கள் தொலைந்த பகுதியில் வாழ்ந்த நத்திலிக் மக்களின் பேச்சுவழக்கு வேறு. 1829 முதல் சில ஆண்டுகள் அதே பக்கத்தில் பனியில் சிக்கி நின்ற ஜான் ராஸின் விக்டரி கப்பல் பற்றிய பேச்சும் கலந்துகிடந்தது. பிரித்தெடுக்க யாரும் மெனக்கெடவில்லை.

மெனக்கெட்டவர் யோவா ஹேவனைச் சேர்ந்த லூயி கமூகாக். சிறுவயதில் கொள்ளுப்பாட்டி சொன்னதிலிருந்து தொடங்கி, பல பத்தாண்டுகள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சையும் தீவின் மரபுப் பெயர்களையும் சேர்த்து, அவற்றை மாலுமிகளின் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்தார். 2014-இல் வடக்கே பனி வழிவிடாததால் தேடல் கப்பல்கள் தெற்குப் பகுதிக்குத் திரும்பின. ஒரு தீவின் கரையில் கப்பல் இரும்பு ஒன்று கிடைத்தது. அடுத்த நாளே எரெபஸ். சுமார் 11 மீட்டர் ஆழம், உட்ஜூலிக்கில்தான். 2016-இல் டெரர் கிடைத்ததும் இப்படியே: விரிகுடாப் பனியிலிருந்து ஒரு மரம் நீட்டிக்கொண்டிருந்ததை ஆண்டுகளுக்கு முன் பார்த்ததாக யோவா ஹேவன் வேட்டைக்காரர் சாமி கோக்விக் சொன்னார். அந்த விரிகுடாவுக்கு முன்பே டெரர் பே என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது வேடிக்கை. கமூகாக் 2018-இல் காலமானார். இரண்டு கப்பலும் கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கோர்ட்டுக்குப் போன நினைவு

1973-இல் கனடா உச்ச நீதிமன்றத்தின் கால்டர் தீர்ப்பு வந்து, பழங்குடி நில உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருக்கலாம் என்ற நிலை உருவானதும், இனுயிட்களின் அமைப்பு ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டது: நிலம் எங்களுடையது என்று சொன்னால் போதாது, எந்தெந்த நிலம் என்று காட்ட வேண்டும். மில்டன் ஃப்ரீமன் தலைமையில் நடந்த நிலப் பயன்பாட்டு ஆய்வு அதற்காகத்தான். முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் சுமார் 1,600 வேட்டைக்காரர்கள், 1:5,00,000 தாள்களில், தாங்களே தங்கள் வாழ்நாளில் எங்கெங்கே என்ன பிடித்தோம் என்று வரைந்தார்கள். காலத்தை மூன்றாக வெட்டினார்கள்: கடைக்காரர்கள் வருவதற்கு முன், கடைகளின் காலம், ஊர்களுக்குக் குடியேறிய பின். அறிக்கை 1976-இல் மூன்று தொகுதிகளாக வந்தது.

இந்த முறையின் அழகு, பழைய சாட்சி விதியை அது உடைக்கவில்லை என்பது. ஒவ்வொரு தாளும் ஒரு மனிதர், அவர் கண்டது மட்டும். பலவீனமும் உண்டு. கோடு போட்ட இடம் தெரியும், எத்தனை முறை போனார் என்பது தெரியாது. வெற்றிடத்தைப் பார்த்து அரசுத் தரப்பு 'இங்கே யாரும் போவதில்லை' என்று சொல்லத் துணியும்; கரிபூ மந்தை குட்டி போடும் இடத்துக்கு வேண்டுமென்றே போகாமல் விட்டிருப்பார்கள், அதுவும் ஒரு பயன்பாடுதான். கேள்வி வேட்டையை மையமாக வைத்ததால் பெண்களின் நிலம் மெலிந்தது.

1979-இல் பேக்கர் லேக் வழக்கு. யுரேனியம் தேடும் கம்பெனிகளை நிறுத்தக் கோரி ஊர் மக்கள் போட்டது. நீதிபதி மஹோனி நாலு நிபந்தனை வைத்தார்: முன்னோர் ஓர் ஒழுங்குள்ள சமூகமாக இருந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும், பிற சமூகங்களுக்கு அங்கே இடமில்லாமல் இருந்திருக்க வேண்டும், ஆங்கிலேய ஆட்சி உரிமை கோரியபோதே அப்படி இருந்திருக்க வேண்டும். பெரியவர்களின் சாட்சியமும் அகழாய்வும் சேர்ந்து நாலையும் பெரும்பகுதி நிலத்துக்கு நிரூபித்தன. ஆனால் கம்பெனிகள் நிற்கவில்லை. சுரங்கச் சட்டம் மேலோங்கும் என்று அதே தீர்ப்பு சொன்னது. உரிமை உண்டு, தடுக்க முடியாது என்ற அந்த விசித்திர நிலைதான் பேச்சுவார்த்தை மேசைக்குத் தள்ளியது. 1993 மே 25 அன்று இக்கலுயிட்டில் அரசோடு நில ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1999 ஏப்ரல் 1-இல் நுனாவுட் தனிப் பிரதேசம் ஆனது. சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் இனுயிட்களின் சொத்து. கனிம உரிமையும் சேர்ந்தது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இனுயிட்கள் காலங்காலமாக வாழ்ந்து பயன்படுத்தியது வடகடலில் கனடாவின் இறையாண்மைக்குத் துணை நிற்கிறது என்று அதே ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. வில்லை கட்டிவிட்ட அரசுதான்.

அந்த அரசு செய்த இன்னொன்றையும் சொல்லாமல் முடியாது. 1953-இலும் 1955-இலும் வடக்கு கியூபெக்கின் இனுக்யுவாக் பகுதிக் குடும்பங்களைக் கப்பலேற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே ரெசலூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கினார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. எல்லாரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருந்தவர்களைப் போகும் வழியிலேயே பிரித்தார்கள். மாதக்கணக்கில் சூரியன் வராத ஊர். பனி எங்கே மெலியும், மிருகம் எங்கே வரும், எந்த ஓடையில் குடிக்க நீர் என்று சொல்ல அவர்களுக்கு அங்கே ஒரு பெயர்கூட இல்லை. பாண்ட் இன்லெட் குடும்பங்கள் சிலவற்றையும் சேர்த்து அனுப்பியது இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான். 1980-களின் இறுதியில் சிலர் திரும்பியபோது, வடக்கில் பிறந்த பிள்ளைகளும் வடக்கில் புதைத்தவர்களும் அங்கேயே இருந்ததால் குடும்பம் இரண்டாம் முறை பிளந்தது. அரசின் மன்னிப்பு வந்தது 2010 ஆகஸ்ட் 18-இல்.

பாஃபின் பகுதியில் அத்தனை தூரம் கப்பலேற்றவில்லை. 1950-களிலிருந்து பள்ளிக்கூடம், உதவித்தொகை, வீடு என்று சொல்லி முகாம்களைக் காலிசெய்ய வைத்து, ஊருக்குள் வந்த பின் வண்டி நாய்களைச் சுட்டார்கள். நாய் போனால் கல் வட்டத்துக்குத் திரும்ப வழியில்லை. இதை விசாரிக்க இனுயிட்களே அமைத்த கிக்கிக்தானி உண்மை ஆணையம் 13 ஊர்களில் 350-க்கும் மேற்பட்ட சாட்சியங்களைக் கேட்டு 2010-இல் அறிக்கை தந்தது. சாட்சிகள் பேசிய முறையைக் கவனிக்க வேண்டும்: எந்த முகாம், யாருடைய நாய், எத்தனை நாய், சுட்டது எந்த இடத்தில். அரசு மன்னிப்புக் கேட்டது 2019-இல்.

ஒப்பந்தத்தால் கிடைத்த நிலமும் தனிக் குடும்பங்களின் பெயரில் இல்லை. வட்டார இனுயிட் சங்கங்களிடம் பொதுவாக இருக்கிறது. ஊர் எல்லைக்குள் வீட்டு மனைகள் குத்தகைக்கு மட்டும். வங்கிக் கடனுக்குச் சொந்த மனை வசதி, வீட்டுப் பற்றாக்குறை தீரும் என்ற வாதங்களோடு, மனையை விற்கலாமா என்று மக்களிடம் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. 1995-இல் வேண்டாம் என்றார்கள். 2016-இல் 25 ஊர்களிலும், ஒன்றுகூடப் பிசகாமல், மறுபடியும் வேண்டாம் என்றார்கள்.